இழுத்தால் நிற்கிற வண்டி

நாற்காலி வேண்டாம் ஐயா, இந்த பெஞ்சே போதும். அம்பத்தூரிலிருந்து திருவேற்காடு வழியாக இந்தப் பூந்தமல்லி ஸ்டேஷனுக்கு நடந்தே வந்தேன். முன்பெல்லாம் இது எனக்கு ஒரு தூரமே இல்லை. இப்போது பாதி வழியிலேயே முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிடுகிறது. கொஞ்சம் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள், குடித்துவிட்டுச் சொல்கிறேன். நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன். ஓடுகிற தெம்பு இருந்தால் இப்படி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்பேனா.

என் பெயர் ஜம்புலிங்கம். யுத்தம் நடந்தபோது ஆவடி மிலிட்டரி டிப்போவில் ஃபிட்டராக இருந்தேன். யுத்தம் முடிந்து ஆட்களைக் குறைத்ததும் அம்பத்தூர் ஏரிக்கரைக்குக் கீழே ஒரு கொட்டகை போட்டுக்கொண்டேன். சைக்கிள், மோட்டார் சைக்கிள், தண்ணீர் இறைக்கிற இஞ்சின், எது வந்தாலும் பார்ப்பேன். போன மாதம் எங்கள் ஏரி மதகண்டை மோட்டார் சைக்கிளோடு விழுந்து செத்தானே வேம்புலி, அவன் என் தங்கை கன்னியம்மாளின் புருஷன். நீங்கள்தான் வந்து பார்த்தீர்கள். பட்டணத்திலிருந்து வந்த மோட்டார் அதிகாரி வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துவிட்டு, எல்லாம் கம்பெனி முறைப்படியே இருக்கிறது, ஓட்டினவன் மேல்தான் தப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்தது சரி. எல்லாம் கம்பெனி முறைப்படிதான் இருந்தது. அப்படி இருக்கும்படி செய்தவன் நான்.

கொஞ்சம் பின்னாலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் அம்மா போனபோது கன்னியம்மாள் கைக்குழந்தை. அப்பா அதற்கும் முன்பே போய்விட்டார். அவளைத் தோளில் போட்டுக்கொண்டுதான் நான் வேலை கற்றுக்கொண்டேன். ஊரில் எத்தனையோ பேர் பெண் கொடுக்கிறோம் என்று வந்தார்கள். வருகிறவள் இவளை எப்படி வைத்துக்கொள்வாளோ என்று நான் சம்மதிக்கவில்லை. பெரியவளான பிறகு அவளே கேட்டாள், "அண்ணாத்தே, எனக்கோசரம் பாத்துகினு நீ ஒண்டிக்கட்டையாவே நின்னுடாத, ஒரு அண்ணிய கொண்டாந்து வையேன்" என்று. சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். எனக்கு என்ன குறைச்சல் ஐயா? வேலைவிட்டு வந்தால் வெந்நீர் காய்ந்திருக்கும், சோறு வடித்திருக்கும், எதிரே உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லுவாள். ஒரு மனுஷனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்.

ஆனால் பெண்ணைக் கட்டிக்கொடுக்காமல் வைத்திருந்தால் ஊர் சும்மா இருக்குமா. அதனால் நானே ஒருவனைப் பார்த்தேன். வேம்புலி வாலாஜாப் பக்கத்துக்காரன். தகப்பன் இல்லை. அம்மா நாகம்மாள் பெரிய பிள்ளையோடு இருந்தாள். இவன் சின்ன வயதிலிருந்தே மாட்டுவண்டி ஓட்டிப் பிழைத்தவன், டிப்போவில் கூலிக்கு ஆள் எடுத்தபோது வந்து சேர்ந்தான். சொந்தமாக வீடு வாசல் கிடையாது. கல்யாணம் ஆனாலும் எங்கள் வீட்டோடுதான் இருப்பான் என்று கணக்குப் போட்டுத்தான் கொடுத்தேன்.

ஆள் நல்லவன். இதை நான் மறைத்துப் பேசப்போவதில்லை. குடி கிடையாது. என் தங்கைமேல் ஒரு நாள்கூடக் கை நீட்டியதில்லை, அதட்டியதுகூட இல்லை. என்னை மச்சான் மச்சான் என்று வாய் ஓயாமல் கூப்பிடுவான். அவன் வந்த பிறகு அவள் சாப்பாட்டு நேரத்தில் என் எதிரே உட்காருவது குறைந்துபோயிற்று, அவ்வளவுதான்.

கல்யாணமான மறு வருஷம் பெங்களூர் டிப்போவுக்கு மாற்றல் கேட்டு எழுதிப்போட்டான். கிடைத்துவிடும் போலத்தான் இருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு லாரியைத் தூக்கி நிறுத்தி நாங்கள் இரண்டு பேரும் கீழே வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஜாக்கி நழுவி, அவன் வலது கை மாட்டிக்கொண்டது. நடு விரல்கள் மூன்றும் போய்விட்டன. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். ஜாக்கியண்டை இருந்தவன் நான். அது தானாக நழுவியது. அப்படித்தான் டிப்போவிலும் எழுதிக்கொண்டார்கள், நீங்களும் அதைக் கிளற வேண்டாம். மாற்றல் மட்டும் வரவில்லை.

கை போனதும் மனுஷன் ஒடுங்கிப்போனான். மாட்டுக்கயிறு பிடிக்க முடியவில்லை, பாரம் தூக்க முடியவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த நேரத்தில்தான் வெள்ளைக்காரன் பட்டாளத்து மோட்டார் சைக்கிள்களைக் கழித்துக்கட்ட ஆரம்பித்தான். பூந்தமல்லியில் கலீலுல்லா பாய் அந்த வண்டிகளை மொத்தமாக எடுத்து விற்றார். உங்களுக்கும் அவரைத் தெரிந்திருக்கும். அதில் அடிபட்ட வண்டி ஒன்றை நான் வாங்கிவந்து, வேம்புலிக்காகவே சரிப்படுத்தினேன். ஊரே மெச்சியது. எந்த மச்சான் இப்படிச் செய்வான் என்று பேசிக்கொண்டார்கள்.

இங்கே கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள், விஷயம் இதில்தான் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கைப்பிடியை முறுக்கித்தான். அந்த முறுக்குப் பிடி வலது பக்கம் இருக்கும். தன் பக்கமாக இழுத்து முறுக்கினால் வண்டி பாயும், முன்பக்கமாகத் தள்ளினால் அடங்கும். விரல் இல்லாத கையால் அவன் முறுக்க முடியாது. அதனால் வேறு ஹேண்டில்பார் செய்தேன். கனமான இரும்புக் குழாயில் காய்ந்த மணலை நிரப்பி, இரண்டு பக்கமும் மரக்கட்டை அடைத்து, உலையில் பழுக்கக் காய்ச்சி வளைத்தேன். மணல் இல்லாமல் வளைத்தால் குழாய் நசுங்கிவிடும். கிளட்சை வலது உள்ளங்கையால் அமுக்குகிற மாதிரி நீளமாக்கினேன். முறுக்குப் பிடியைக் கழற்றி இடது பக்கம் மாட்டினேன்.

அப்படி மாற்றி மாட்டினால் முறுக்கு தலைகீழாகிவிடும் ஐயா. முன்பக்கம் தள்ளினால் வண்டி பாயும், தன் பக்கம் இழுத்தால் அடங்கும். வேறு யாராவது ஏறினால் விழுந்து வாருவான். வேம்புலிக்கு அது அச்சாகப் பொருந்தியது. கயிறு பிடித்த கை அல்லவா. மாட்டை நிறுத்த வேண்டுமானால் வண்டிக்காரன் என்ன செய்வான், கயிற்றைத் தன் பக்கம் இழுப்பான். அவன் உடம்பு பூராவும் அந்தப் பழக்கம்தான் ஊறிக்கிடந்தது. ஏறிய அன்றைக்கே ஏரிக்கரையில் ஒரு சுற்று சுற்றிவந்து, "மச்சான், இயுத்தா நிக்குது மச்சான் இது. நம்ம மாடு மாதிரியே கீது" என்று கண் கலங்கினான். கன்னியம்மாள் வாசலில் நின்று அழுதாள். நானும்தான் அழுதேன்.

அந்த வண்டியால் அவனுக்கு உயிர் வந்தது. தினமும் தங்கையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஆவடி, திருவேற்காடு என்று சுற்றினான். பெட்ரோல் கூப்பன் கிடைக்காத நாட்களில்தான் இரண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள்.

ஒரு நாள் கலீலுல்லா பாய் அமெரிக்கப் பட்டாளத்து வண்டி ஒன்றைப் பழுது பார்க்க என்னிடம் அனுப்பினார். அகலமான ஹேண்டில்பார், ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் விரிந்து பின்னால் வளைந்து வரும். அமெரிக்கக்காரன் முறுக்குப் பிடியை இடது பக்கமே வைத்திருந்தான். ஆனால் முறை நம் எல்லா வண்டிகளையும் போலத்தான். இழுத்தால் பாயும். நான் அதைச் சொல்லிவிட்டுத்தான் வேம்புலியிடம் கொடுத்தேன். அவனும் புரிந்துகொண்டு கொட்டகைக்கு முன்னால் அழகாக இரண்டு சுற்று வந்தான். மூன்றாவது சுற்றில் ஒரு ஆடு குறுக்கே ஓடியது. அவன் "ஓ ஓ" என்று மாட்டை அதட்டுகிற மாதிரி அதட்டிக்கொண்டு கைப்பிடியை இழுத்தான். வண்டி எகிறிக்கொண்டு போய் வைக்கோல் போரில் புகுந்தது. தலையெல்லாம் வைக்கோலாக எழுந்து வந்தான். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கன்னியம்மாள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டுவிட்டாள்.

நான் சிரிக்கவில்லை. நிதானமாக இருக்கும்போது அவன் புத்தி சொன்னபடி கை கேட்கிறது, பயந்துபோனால் கை புத்தியைக் கேட்பதில்லை என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. அவன் வண்டியில் முறுக்கை எந்தக் காலத்திலும் மாற்றக்கூடாது என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். நல்ல எண்ணத்தோடுதான் நினைத்தேன்.

ஆனால் அவன் அந்த ஹேண்டில்பார் மேல் பைத்தியமாகிவிட்டான். "மச்சான், அந்தக் கொம்பு மாதிரி ஒண்ணு எனுக்குப் போட்டுக் குடு மச்சான். ராஜா கணக்கா குந்திகினு போவேன்" என்று சின்னப் பிள்ளை மாதிரி நச்சரித்தான். அது வேண்டாம் மாப்ளே, உனக்கு ஒத்துவராது என்று நான் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். எத்தனை தரம் தட்டிக்கழித்தேன் என்பதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் கெட்டவனாக இருந்தால் முதல் நாளே மாட்டியிருப்பேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் இரண்டு பேரும் சிரித்த முகமாக என்னிடம் வந்தார்கள். ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஆலையில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. ஒரு கையால் செய்யக்கூடிய வேலை. குடியிருக்க ஒரு ரூமும் கொடுக்கிறார்களாம், அம்மா ஊரும் பக்கம்தானாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். நான் நல்லது மாப்ளே என்றேன்.

கன்னியம்மாள்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாசத்துக்கு ஒருவாட்டி ரயில் ஏறி வந்து பாத்துட்டுப் போறேன் அண்ணாத்தே. நீ இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற?" என்றாள்.

மாதத்துக்கு ஒரு தடவை. அவள் வேண்டுமென்று அப்படிச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னாள். அடுத்த நாளிலிருந்து பாத்திரங்களைப் பிரித்து வைக்க ஆரம்பித்தாள், இது எனக்கு, இது அண்ணனுக்கு என்று. எனக்கென்று ஒரு தவலை, ஒரு தட்டு, ஒரு சொம்பு. பிரிக்கும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கொட்டகையிலிருந்து அது எனக்குக் கேட்கும். அந்த நாட்களில் எனக்கு வந்த அலுப்பை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சுத்தியலைத் தூக்கினால் தோள் விழுந்துவிடும் போல இருக்கும். கோபம் இல்லை ஐயா. அவன்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்தது கிடையாது. சோர்வுதான். இத்தனை வருஷம் சுமந்துவிட்டு, கடைசியில் வெறும் வீட்டுக்குள் போய் விளக்கேற்ற வேண்டுமே என்கிற சோர்வு.

அப்புறம் நான் ஆவடிக்குப் போய், கழித்துப்போட்ட இரும்புக் குவியலில் தேடி அந்த அமெரிக்க ஹேண்டில்பாரையும் அதன் முறுக்குப் பிடியையும் எடுத்துவந்தேன். துரு சுரண்டி, தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி பளபளப்பாக்கினேன். என் கையால் செய்த ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன், கிளட்ச் மட்டும் வலது பக்கமே இருந்தது. நான் ஒளித்து மறைத்து ஒன்றும் செய்யவில்லை. அவனை நிற்கவைத்துத்தான் மாட்டினேன். "மாப்ளே, இது கம்பெனி முறை. இஸ்த்தா பாயும், தள்னா அடங்கும். போற எடத்துல வேற மெக்கானிக்கு கை வெச்சாலும் இதான் அவனுக்குத் தெரியும். நல்லா மனசுல வெச்சிக்கோ" என்று சொன்னேன். மறுபடியும் சொன்னேன். அவன் கேட்டானா? கண்ணெல்லாம் அந்தக் கொம்புமேல்தான்.

"தெரியும் மச்சான். அன்னிக்கு வைக்கப்போர்ல பூந்தனே, அத்த மறப்பனா?" என்று சிரித்தான். வயல்வெளியில் சாயங்காலம் வரை ஓட்டிப் பழகினான். அழகாக ஓட்டினான். எந்த ஆடும் குறுக்கே வரவில்லை.

கன்னியம்மாள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "உன் மனசு யாருக்கும் வராது அண்ணாத்தே" என்றாள். அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் திருவேற்காட்டுக் கோயிலுக்கு இரண்டு பேரும் போய்வருவதாக இருந்தார்கள். அது அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றுகிற காலம். எங்கள் ஏரிக்கரைச் சாலை குறுகல், மதகண்டை சட்டென்று திரும்பும். திரும்புகிற வரைக்கும் எதிரே வருவது தெரியாது. காலை வேளையில் வைக்கோல் வண்டிகள் அந்த வழியாகத்தான் வரும். இதெல்லாம் அம்பத்தூரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், வேம்புலிக்கும் தெரியும்.

நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இனிமேல் சொல்வதைத்தான். அவள் மஞ்சள் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு புறப்பட்டு நின்றாள். நான் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஜுரமாக இருக்கிறது, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு அப்புறம் போகலாமே என்றேன். அவள் வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு புருஷனிடம் போய், "நீ மட்டும் போய்ட்டு வா. அண்ணனுக்கு ஒடம்பு செரியில்ல. சாமிக்கிட்ட நான் அப்பாலிக்கா வரேன்னு சொல்லு" என்றாள். அவன் என்னை எட்டிப்பார்த்து, பாத்துக்க மச்சான் என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தான். சத்தம் ஏரிக்கரை மேலே ஏறிப் போனது. நான் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தபோது வைக்கோல் வண்டிக்காரன் கோவிந்தன் ஓடிவந்தான். உங்களிடமும் அவன் சாட்சி சொன்னான். மதகுத் திருப்பத்தில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்களாம். வேம்புலி ஓ ஓ என்று கத்தினானாம். தன் மாட்டைத்தான் அவன் அதட்டுகிறான் என்று கோவிந்தன் நினைத்தானாம். "நிக்க வேண்டிய வண்டி பாஞ்சிட்ச்சி ஜம்புலிங்கம், மதகுக் கல்லு மேலயே போய் மோதிட்ச்சி" என்று தலையில் அடித்துக்கொண்டான். காலில் பிரேக் இருந்ததே என்று நீங்கள் அன்றைக்குக் கேட்டீர்கள். இருந்தது. ஆனால் கை முந்திக்கொண்டது. கை முந்திக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

சடங்குகளையெல்லாம் நானே கூட இருந்து குறைவில்லாமல் செய்தேன். வாலாஜாவிலிருந்து நாகம்மாள் வந்து எங்களோடு தங்கினாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள், அவள் அழுததைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை. கன்னியம்மாள் அவ்வளவாக அழவில்லை. அதிர்ச்சி, போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். புருஷன் போனவள் பிறந்த வீட்டுக்கு வந்து சேருவதுதானே உலக வழக்கம். இவள் பிறந்த வீட்டில்தான் இருக்கிறாள், எங்கேயும் போய் யார் முகத்தையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை. பிரித்து வைத்த பாத்திரங்களை நானே எடுத்து மறுபடி ஒன்றாக அடுக்கினேன். அவளுக்கு ஒரு வேலை குறையட்டும் என்றுதான்.

நேற்று சாயங்காலம் என்னிடம் வந்து நின்றாள். சாப்பாடு போட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அன்னிக்கு உனுக்கு ஜொரமே இல்லியே அண்ணாத்தே" என்றாள். "நெத்தி சில்லுனு இருந்துச்சி. நீ சொல்றியேன்னுதான் நான் நின்னுட்டேன். இன்னாத்துக்கு என்னப் போவ வாணாம்ன?"

நான் தண்ணீர்ச் சொம்பைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். சொல்லியிருக்கலாம். உன்மேல் ஒரு கீறல்கூடப் படக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்று சொல்லியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். அவள் பதிலுக்காக நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். நாகம்மாளின் மடியில் தலைவைத்து, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். புருஷன் பெயரைச் சொல்லி அல்ல, அம்மா அம்மா என்று அந்தக் கிழவியைக் கூப்பிட்டுக்கொண்டு அழுதாள். இன்று விடியற்காலையில் பார்த்தால் மாமியாரும் மருமகளும் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாளைக் காலை ரயிலுக்கு வாலாஜா போகிறார்களாம். இனிமேல் இந்த ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று கன்னியம்மாள் சொன்னதாக நாகம்மாள்தான் சொன்னாள்.

அதனால் கிளம்பி வந்தேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் பொய் இல்லை. வேம்புலியை நான்தான் கொன்றேன். தெரிந்து செய்தேன், நாள் பார்த்துச் செய்தேன், யாரும் தூண்டிவிடவில்லை. எங்கே கைநாட்டு வைக்க வேண்டுமோ வைக்கிறேன். கோர்ட்டில் மாற்றிப் பேசமாட்டேன்.

ஒரே ஒரு உபகாரம் மட்டும் செய்யுங்கள். கேஸ் முடிகிற வரைக்கும் என்னை இந்த ஊர் சப்ஜெயிலிலேயே வையுங்கள், பட்டணத்துக்கு அனுப்பிவிட வேண்டாம். அம்பத்தூருக்கு இப்போதே ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி, அண்ணன் உள்ளே இருக்கிறான் என்று கன்னியம்மாளிடம் சொல்லச் சொல்லுங்கள். நாளை ரயிலுக்கு முன்னால் சேதி போய்விட வேண்டும். எனக்குச் சாப்பாடு கொண்டுவர அவளை விட்டால் யார் இருக்கிறார்கள். இது தெரிந்தால் அவள் போகமாட்டாள் ஐயா.